ஒரு பக்கம் குழிந்த படிக்கல்

வருகிற சனிக்கிழமை முதல், ஊரின் கல்லுகளை நடந்தபடி காட்டும் இந்தக் கல் நடையை நீங்கள் மூவரும்தான் நடத்தப் போகிறீர்கள். நான் மேற்படிப்புக்காகக் கண்டிக்குப் போகிறேன். ஓய்வுபெற்றுப் போகிறவர்கள்தான் வழக்கமாகப் புதியவர்களை இருத்தி வைத்துப் பழைய கதை சொல்வார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் மன்னார் நகரத்தில் இந்த வேலையைத் தொடங்கியவளும் நான்தான், இதிலிருந்து முதலில் விலகிப் போகிறவளும் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

எந்த நிழலில் பிள்ளைகளை நிறுத்துவது, எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தண்ணீர் தருவார், வெயில் ஏறினால் எந்த வீதியை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் உங்களோடு நடந்தே காட்டிவிட்டேன். வினாகிரிப் போத்தல் பற்றியும் சொன்னேன். ஒரு துளி விட்டால் சுண்ணாம்புள்ள கல் நுரைக்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் துண்டில்தான் விட வேண்டும். என் முதல் மாதத்தில் தேவாலயத்துப் பழைய சுவரிலேயே விட்டேன். மணியடிக்கிற ஐயா ஓடி வந்து, "பிள்ளை, வினாகிரி ஊத்த கோயில் என்ன அச்சாறோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது போத்தலைப் பைக்குள் வைத்துவிடுவேன்.

இன்று சொல்லப்போவது அப்படி நடந்து காட்ட முடியாத ஒன்று.

முதல் நாள் நீங்கள் என்னிடம் கேட்டதைத்தான் உங்களிடமும் எல்லோரும் கேட்பார்கள். "மன்னாரில கல்லு எங்கயக்கா இருக்கு? முழுக்க மணலெல்லோ?" மணல்தான். கிணறு வெட்டினாலும் மணல்தான் வரும். அதனால்தான் நம் நகரத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் சொல்வதற்கு ஓர் ஊர் இருக்கிறது. பழைய கடைச் சுவர்களில் இருக்கும் முருகைக்கல், அதாவது பவளப் பாறை, கடலிலிருந்து வந்தது. உற்றுப் பார்த்தால் அதற்குள் பூப் போன்ற வடிவங்கள் தெரியும். அந்தச் சுவரைப் பூசிய சாந்து சிப்பியைச் சுட்டு எடுத்தது. படிகளிலும் தூண் அடிகளிலும் இருக்கும் கருங்கல் இந்த மன்னார்த் தீவில் பிறந்ததே அல்ல. வவுனியாப் பக்கத்துப் பாறைகளிலிருந்து உடைத்து, வண்டிலில் ஏற்றி, கடல் தாண்டிக் கொண்டுவந்தது. அவ்வளவு பாடுபட்டு வந்த கல்லை இந்த ஊரில் யாரும் எறிவதில்லை. வீடு இடிந்தாலும் கருங்கல் இன்னொரு வாசலுக்குப் போகும். இதை நான் ஒவ்வொரு நடையிலும் சொன்னேன். சொன்னதை நானே சரியாகக் கேட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நடையின் நடுவில், பழைய அரசாங்கக் கந்தோர் ஒன்றின் கருங்கல் படிகளில் பிள்ளைகளை இருத்தி, என் சொந்தக் கதை ஒன்று சொல்வேன். பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு தோய்கல் இருந்தது. ஓர் ஆள் நீளம் இல்லை, ஆனால் சின்ன வயதில் என்னை அதில் படுக்க வைக்கலாம். கறுப்புக் கல். அதற்குள் மாதுளம் முத்துகளைத் தூவியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். அம்மா பகலில் தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போவார். மாலையில் அந்தக் கல்லில் ஊராரின் உடுப்பைத் தோய்ப்பார். கடைசி வாளித் தண்ணீரை ஊற்றும்போது அந்தப் புள்ளிகள் மினுங்கும். நான் ஊசியால் அவற்றைக் கிண்டி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் படித்தேன். அது காணெற் என்ற கனியம் என்றும், ஊசியைவிட வன்மையானது என்றும், நிலத்துக்குள் வெகு ஆழத்தில் சூட்டிலும் அமுக்கத்திலும் உருவானது என்றும் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டேன். என் அம்மா பெருவிரல் அடையாளம் வைக்கிறவர். அப்பா எழுத்துப் படிக்கும் வயதில் வள்ளத்தில் ஏறியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டம் வரை படித்த முதல் ஆள் நான்.

அந்தக் கல்லின் ஒரு பக்கத்தில் ஒரு குழி இருந்தது. மழை பெய்தால் ஒரு சிரட்டைத் தண்ணீர் அதில் நிற்கும். "என்ரை அம்மா உடுப்படிச்சு அடிச்சு விழுத்தின குழி அது. அப்பிடித்தான் என்னைப் படிப்பிச்சவ" என்று சொல்லிக் கதையை முடிப்பேன். கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்ததும் உண்டு. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். அதற்காகவே அந்தக் கதையைக் கடைசி நேரத்தில்கூட விட்டுவிடாமல் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை முசலிக் கரையில் உள்ள பாடசாலை ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் நஸீமா ரீச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணக்குப் படிப்பிக்கிறவர். அதிகம் பேசாதவர். நடை முழுக்கப் பின்வரிசையில், பிள்ளைகள் வீதியில் இறங்கிவிடாமல் கையை நீட்டிப் பிடித்தபடி வந்தார். நான் கதையை முடித்ததும் வழக்கமான மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள்ளிருந்து அவர் கேட்டார்:

"தங்கச்சி, அந்தக் கல்லு உங்கட வீட்டுக்கு எங்கயிருந்து வந்தது?"

"நாங்கள் சண்டையால மடுப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்திட்டுத் திரும்பி வந்த நேரம், ரீச்சர். வீட்டில ஒண்டும் இல்லை. அப்பா எங்கயோ இடிஞ்ச குவியலுக்க கண்டு, ஐஸ் பெட்டி ஏத்துற வண்டிலில கொண்டு வந்தவர்."

"எந்தப் பக்கத்துக் குவியல்?"

எனக்குத் தெரியும். அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார், பள்ளிவாசலுக்குப் பின்தெரு என்று. அதைச் சொன்னேன். ரீச்சர் முக்காட்டின் நுனியைக் கையில் சுற்றினார்.

"நாங்கள் அந்தத் தெருதான். முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொல்லி நாங்கள் புத்தளம் போகக்குள்ள எனக்குப் பத்து வயசு. திரும்பி வந்து பாத்தா காணி கிடந்தது, கிணறு கிடந்தது. சுவர் இல்லை. சரி, சுவர் விழும். படி எங்க போனதெண்டுதான் விளங்கேல்ல. சிவப்புப் புள்ளி போட்ட கறுப்புப் படி. நான் அதிலதான் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கினனான்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் வாயில் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது. 'இப்படிக் கல்லுகள் கனக்க இருக்கு, ரீச்சர். ஒரே பாறையில உடைச்சா எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.' அந்த வசனத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. காணெற்றைக் காட்டி இது இன்னாருடைய கல் என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. நான் பட்டம் பெற்றவள், அவர் கணக்கு ரீச்சர். நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக்கப் போய்விடுவார். என் கதை என்னிடமே இருக்கும். அடுத்த சனிக்கிழமையும் அந்த மௌனம் எனக்குக் கிடைக்கும்.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இன்னொன்று கேட்டார்.

"குழி நடுவிலயோ, ஒரு பக்கமாவோ?"

 முப்பது பிள்ளைகள் அளவில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பக்கமா, ரீச்சர்."

"எங்கட வீட்டில இரட்டைக் கதவு. உம்மா முன்னறையில தெருப் பிள்ளையளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுத்தவ. அதுக்கு முதல் அவவின்ர உம்மாவும் அங்கதான் ஓதிக் குடுத்தவவாம். பொம்பிளையள் இருக்கிற வீடெண்டு ஒரு கதவு எப்பவும் சாத்தித்தான் கிடக்கும். மற்றக் கதவாலதான் போக்குவரத்து. பெருநாளைக்கும் மையத்து எடுக்கிற நாளுக்கும்தான் இரண்டும் திறக்கிறது. அதால எல்லாரும் ஒரு பக்கமே மிதிச்சு மிதிச்சு..." அவர் கையைக் கிண்ணம்போலக் குவித்துக் காட்டினார்.

அந்தக் குவித்த கையைப் பார்த்தபோது, படித்த படிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் என்னிடம் வந்து கணக்குக் கேட்டது. ஊசிக்கு அசையாத கல்லை நனைந்த துணி எப்படிக் குழியாக்கும்? இன்னும் பல தலைமுறைக்குத் தோய்த்தாலும் அந்தக் கல் வழவழப்பாகும், அவ்வளவுதான். அதை அரைக்க அதற்கு நிகரான வன்மை வேண்டும். அந்த வன்மை இந்தத் தீவில் எல்லோர் பாதத்திலும் ஒட்டியிருக்கிறது. மணல். மணல் ஒட்டிய சின்னச் சின்னக் கால்கள் ஒரே இடத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி அரைத்த குழி அது. பட்டத்துக்கு நான் எழுதிய பரீட்சையில் தேய்மானம் பற்றி ஒரு கேள்வி வந்தது. நன்றாகவே எழுதினேன். என் வீட்டுக் கிணற்றடியில் மட்டும் அந்த விடையைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் கை என்று நினைத்தவுடன் அதற்குமேல் எந்தக் கேள்வியும் எனக்குத் தேவைப்படவில்லை.

"பிள்ளையள், நான் இப்ப சொன்ன கதையில ஒரு பிழை இருக்கு" என்றேன். தோய்ப்பதால் கருங்கல் குழியாது, மணல் காலால் குழியும் என்பதை அந்தப் படியிலேயே விளக்கினேன். ஒருவனை மணலில் கால் புதைக்கச் சொல்லி, படியில் ஏற்றி, பாதத்தைத் தேய்க்கவிட்டு, அந்தக் கரகரச் சத்தத்தை எல்லோருக்கும் கேட்க வைத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் அந்த இடத்தில் பாடம் ஒழுங்காக நடந்தது.

பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தாமலே கேட்டான்: "அப்ப அக்கா, உங்கட கல்லு களவுக் கல்லோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.  ரீச்சர் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"வாயை மூடு, றிஸ்வான். விட்டிட்டுப் போனது நாங்கள். அவை எடுத்திராட்டி அது மணலுக்க புதைஞ்சிருக்கும். எடுத்து வைச்சிருக்கினம்." பிறகு என்னிடம் மெதுவாக, "நான் கல்லைக் கேக்கேல்ல, தங்கச்சி. ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வாங்கோ என்று நான் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கேட்காமலே சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் இரவும் பகலும் உழைத்ததற்கு உலகம் கொடுத்த ஒரே அடையாளம் அந்தக் குழி என்று நான் நம்பியிருந்தேன். அதை அவரிடமிருந்து பறிக்கப்போகிறேன் என்று நினைத்தேன். கிணற்றடியில் அவர் என் சட்டையைத்தான் கும்மிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, கடைசியில் தயங்கித் தயங்கி, "அம்மா, அந்தக் குழி நீங்கள் தோய்ச்சு வந்ததில்லையாம்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்பயடி சொன்னனான், நான் தோய்ச்சு வந்ததெண்டு? நீயெல்லோ ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சனீ."

"அப்ப ஏன் நீங்கள் என்னட்டச் சொல்லேல்ல?"

"நீ படிச்சனீ. சொன்னாச் சரியாத்தான் இருக்குமெண்டு விட்டிட்டன்." சட்டையைப் பிழிந்து உதறினார். "இந்தக் குழியால எனக்குக் கரைச்சல்தான். சவர்க்காரத் தண்ணி அதுக்க நிண்டு உடுப்பில கறையாகும். நான் எப்பவும் மற்றப் பக்கத்திலதான் தோய்க்கிறது. பாரன்."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். குழியில்லாத பக்கம்தான் வழவழப்பாக இருந்தது. என் அம்மாவின் உழைப்பு அந்தக் கல்லில் இருக்கவே செய்தது. நான் காட்டியது மற்றப் பக்கத்தை.

"ஆரின்ரையோ வீட்டு வாசல்படி எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "கொப்பர் கொண்டுவந்து இறக்கின அண்டைக்கே தெரியும். அதாலதான் இவ்வளவு காலமும் இதில மீன் வெட்டேல்ல."

நான் யோசித்துப் பார்த்தேன். மீன் பிடிக்கிற வீடு எங்களுடையது. கிணற்றுக்குப் பக்கத்தில் வாகான ஒரு கருங்கல் கிடக்க, அம்மா எப்போதும் வேலியோரத்தில் ஒரு பலகையைப் போட்டுக் குந்தியிருந்துதான் மீன் வெட்டினார். இருபது வருடமாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"அவ கல்லைக் கேட்டா என்னம்மா செய்யிறது?"

 அம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். "கதிரை ஒண்டும் இல்லாத நேரம் இந்த வீட்டுக்கு முதல் வந்த சாமான் இது" என்றார்.  வாளியை இழுத்து, கல்லில் மிச்சமிருந்த நுரையைக் கழுவிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் தனியாக வந்தார். கையில் ஒரு பேணி தொதல் இனிப்பு. அம்மா தேத்தண்ணி வைக்கப் போனார். கிணற்றடிக்கு நான்தான் கூட்டிப்போனேன். ரீச்சர் செருப்பைக் கழற்றினார். கல்லை நாலு பக்கமும் பார்க்கவில்லை, தடவவில்லை, கேள்வி கேட்கவில்லை. வலக்காலை எடுத்து அந்தக் குழிக்குள் வைத்தார். வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அந்த நேரம் ரெண்டு காலும் கொள்ளும்" என்றார்.

அம்மா கோப்பையோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டார். ரீச்சர் இறங்கினார், தேத்தண்ணி குடித்தார். கருவாட்டு விலை பற்றி அம்மாவிடம் கேட்டார், பழைய காணியில் தான் கட்டுகிற வீட்டுக்கு வாங்கிய சீமெந்தின் விலை சொன்னார், வெயில் பற்றிக் கதைத்தார். கல்லைப் பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நான் நடுவில் ஏதாவது சொல்ல வேண்டும்போலத் துடித்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. "பாத்திட்டன், அக்கா. பெரிய சந்தோசம். வாறன்" என்று சொல்லி ரீச்சர் எழும்பி, படலை வரைக்கும் போய்விட்டார். அம்மா அப்போதுதான் குரல் கொடுத்தார்.

"ரீச்சர், வீடு எந்தளவில?"

"சுவர் எழும்பீற்று. அடுத்த கிழமை நிலையும் கதவும் வைக்கினம்."

"ஒற்றைக் கதவோ, இரட்டைக் கதவோ?"

"இரட்டைதான்."

"வாசல்படிக்கு என்ன போடப்போறியள்?"

"டைல்ஸ் போடுவமெண்டு..."

"டைல்சோ!" அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "மாரி மழைக்கு வழுக்கி விழுந்து இடுப்பை முறிக்கப் போறியளோ? அந்த வீட்டுக்குப் படி இஞ்சயெல்லோ கிடக்கு. இவர் கடலால வரட்டும், சொல்லி வண்டிலில ஏத்தி அனுப்புறன்."

ரீச்சர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நீங்கள் எதில தோய்க்கிறது?" என்று கேட்டபடி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"அதை நான் பாக்கிறன். நீங்கள் அழாமல் போங்கோ, சனம் நான் ஏசிப்போட்டன் எண்டு நினைக்கும்."

நிலையும் கதவும் வைத்த மறுநாள் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கல்லை வண்டிலில் ஏற்றினார்கள். எங்கிருந்து எடுத்தாரோ அதே தெருவுக்கு, அதே மாதிரி வண்டிலில், அப்பா அதைத் தள்ளிக்கொண்டு போனார். அம்மா பின்னால் நடந்தார், இறக்கும்போது விளிம்பு உடைந்துவிடும் என்று எல்லோரையும் ஏசியபடி. குழி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கல் வாசலில் பதிந்ததும் ரீச்சர் உள்ளே போய், எங்களுக்காக இரண்டு கதவையும் திறந்தார்.

பதிலுக்கு ரீச்சர், வீட்டுக்குச் சாமான் ஏற்றிவந்த அடுத்த லொறியில் அம்மாவுக்கு ஒரு புதுக் கருங்கல் இறக்கித் தந்தார். அதில் சிவப்புப் புள்ளி கிடையாது. "சும்மா மொட்டைக் கல்லு" என்று அம்மா குறை சொல்வார். ஆனால் அதில் உடுப்பும் தோய்க்கிறார், மீனும் வெட்டுகிறார்.

நான் கந்தோர் படியில் என் கதையை நிறுத்திவிட்டேன். இப்போது நடை ரீச்சர் வீட்டு வாசலில் முடிகிறது. அங்கே இனி நீங்கள் போக வேண்டியிருப்பதால்தான் உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொன்னேன். இந்த வேலையில் உங்களுக்கு நிறைய விஷயம் தெரியும் என்று எல்லோரும் நம்புவார்கள். தெரியவும் செய்யும். யாராவது தன் வீட்டை நினைத்து ஏதாவது கேட்கும்போது, சரியான பதில் ஒன்று வாயில் வந்து நின்றால், அதை எதற்காகச் சொல்லப் போகிறீர்கள் என்று ஒரு மூச்சளவு பொறுத்துப் பாருங்கள். அவர் இன்னொரு கேள்வி கேட்க இடம் விடுங்கள். நான் அன்றைக்குப் பொறுக்கவில்லை. ரீச்சர்தான் முந்திக் கேட்டார். அந்த அதிர்ஷ்டம் உங்களுக்கும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை அங்கே போகும்போது ஒரு கதவுதான் திறந்திருக்கும். சாத்திய கதவைத் தட்டாதீர்கள். சலாம் சொல்லி, உள்ளேயிருந்து குரல் வரும்வரை நில்லுங்கள். பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குழியில் கால் வைத்து ஒவ்வொருவராக ஏற விடுங்கள். காலில் மணல் இருந்தால் தட்டச் சொல்ல வேண்டாம்.